மீனெண்ணெய் பூசிய சிவப்புக் கார்

ஆலைப் புகை எழும் ஊரையும் அலை புரளும் கரையையும் ஒரே கண்ணால் காப்பவளே, ஆரணி ஆற்றங்கரையில் அமர்ந்த பவானித் தாயே, நேர்ந்ததில் ஒன்றும் மிகாமலும் ஒன்றும் குறையாமலும் எழுத அடியேனுக்கு அருள்வாயாக.

தை மாதத்து வளர்பிறைப் பஞ்சமியும் உத்திரட்டாதியும் கூடிய இந்த வெள்ளிக்கிழமையில், காலைப் பூசையையும் பதிகம் ஓதுதலையும் முடித்துக்கொண்டு, திருவள்ளூரில் என் இல்லத்தில் அமர்ந்து இக்குறிப்பைத் தொடங்குகிறேன்.

நான் மோட்டார் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். விபத்தில் சிக்கிய வண்டியையும், களவு போய்த் திரும்பிய வண்டியையும் நேரில் பார்த்து, என்ன சேதம், இன்றைய மதிப்பு என்ன என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தருவது சர்வேயரின் தொழில். ஓய்வுக்குப் பின், பழைய வண்டி வாங்குவோர் சிலர் வாங்குமுன் என்னை அழைத்துக் காட்டுவதுண்டு. அப்படிப் பார்த்த வண்டி ஒன்றைப் பற்றியது இது. இத்தொழிலுக்குப் புதிதாய் வந்தோர், களவு போய் மீட்ட வண்டிகளை எப்படிப் பார்ப்பது என்று என்னைக் கேட்பதால் எழுதுகிறேன்.

1. கஜபதி பார்த்து வைத்த வண்டி

கஜபதி, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கால்வனைசிங் பட்டறை நடத்துபவர். போல்ட், நட்டு, இரும்புக் குழாய் முதலியவை துருப்பிடிக்காமல் இருக்க அவற்றின்மேல் துத்தநாகப் பூச்சு ஏற்றுவது அவர் வேலை. அதற்கு முன் அதே நெடுஞ்சாலையில் பல ஆண்டுகள் டிரெய்லர் லாரி ஓட்டியவர். என் நெற்றித் திருநீற்றைப் பார்த்த முதல் நாளிலிருந்தே என்னைச் 'சாமி' என்றுதான் அழைப்பார்.

ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார்.

"சாமி, ஒரு வண்டி பாத்து வச்சிக்கீறேன். ரெண்டே கதவு. செவப்பு. ரோட்ட மோந்துகினு போற மாரி தாழ்வா கீது. நீங்க ஒருவாட்டி வந்து பாத்து சொல்லணும்."

"யாருடைய வண்டி தம்பி?"

"திருட்டு வண்டி சாமி."

"தம்பி!"

"அய்யோ, அது இல்ல சாமி. திருடுபோயி கெடைச்ச வண்டி. இன்சூரன்ஸ்காரன் ஏலத்துக்கு வுடப்போறான். நான் டிரெய்லர் ஓட்டறப்ப இந்த மாரி வண்டிங்கோதான் என்னை சைடு வாங்கிகினு போவும். அப்பவே நெனச்சேன், ஒருநாளு நாமளும் ஒண்ணு வச்சிக்கணும்னு."

நடந்தது இதுதான். சென்னையில் ஒருவர் வீட்டு வாசலிலிருந்து அந்த ஸ்போர்ட்ஸ் கார் களவு போயிற்று. வண்டி கிடைக்கவில்லை என்று காவல்துறை சான்று தந்தபின் காப்பீட்டு நிறுவனம் உரிமையாளருக்கு இழப்பீடு கொடுத்துவிட்டது. அப்படிக் கொடுத்தபின் வண்டி கிடைத்தால் அது நிறுவனத்துக்கே சொந்தம். சில மாதங்கள் கழித்து, வேறொரு வழக்கில் பிடிபட்ட திருடன் இந்த வண்டியைப் பற்றியும் சொன்னான். ஆந்திர எல்லைச் சோதனைச் சாவடியில் கெடுபிடி என்று அறிந்து, கிழக்கே பழவேற்காட்டு ஏரிக்கரைப் பக்கம் திருப்பியிருக்கிறான். மணலில் சக்கரம் புதைந்ததும் அங்கேயே விட்டுவிட்டு ஓடிவிட்டான். காவலர் போய்ப் பார்த்தபோது, வண்டி ஒரு மீனவக் குப்பத்தில், பழைய வலைகளும் ஓலைப் பாய்களும் போர்த்திய நிலையில் நின்றது.

நிறுவனத்தின் முதல் குறிப்பு, 'உப்புநீர் புகுந்த வண்டி' என்று சொன்னது. அதனால் ஏலத்தில் தொடக்க விலையை மிகத் தாழ்த்தி வைத்திருந்தார்கள். கஜபதியின் மகிழ்ச்சிக்கு அதுவே காரணம்.

இளையோர் இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம். மீட்ட வண்டி எவ்வளவு அழகாயிருந்தாலும், நீதிமன்றம் அதை விடுவித்த உத்தரவு, காவல் நிலையத்தின் தடையின்மைச் சான்று, காப்பீட்டு நிறுவனத்தின் உரிமை மாற்றம் ஆகியவை வரும்வரை அது வழக்குப் பொருளே. போக்குவரத்து அலுவலகக் கணினியில் 'திருட்டு' என்ற குறி நீங்கினால்தான் அது மீண்டும் கார் ஆகும். கஜபதி இவற்றையெல்லாம் விசாரித்து வைத்திருந்தார். பழைய பொருள் வாங்கியே வளர்ந்தவர் அவர்.

2. காவல் நிலைய வளாகத்தில்

மணல் லாரிகளுக்கும், கொடி படர்ந்த மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவில் அந்த வண்டி நின்றது. அருகே செல்லுமுன்பே ஒரு நாற்றம் வந்து எதிர்கொண்டது. மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டேன்.

"இன்னா சாமி இது, உள்ள எதுனா செத்துப்போச்சா?" என்றார் கஜபதி.

"பார்த்தால் தெரியும்."

முதலில் சேசிஸ் எண். பொறித்த எழுத்துகளின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அச்சு அப்படியே தாளில் வரும். எண்ணைச் சுரண்டியோ மாற்றியோ இருந்தால் கண்ணுக்குத் தப்பினாலும் பென்சிலுக்குத் தப்பாது. எண் சரியாக இருந்தது. எஞ்சின் எண்ணும் அவ்வாறே.

அடுத்து, நீர் புகுந்ததா என்பது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன். நீரில் நின்ற வண்டியென்றால் உள்சுருளில் சேற்றுக் கோடு இருக்கும். இல்லை. இருக்கைக்குக் கீழுள்ள திருகாணிகளில் துரு இல்லை. தரைவிரிப்பைத் தூக்கினேன். அடியில் உலர்ந்திருந்தது. ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். உப்புநீர் பட்டால் செப்புத் தகட்டில் பச்சை பூக்கும். அங்கே பச்சை இல்லை. வண்டிக்குள் உப்புநீர் புகவே இல்லை.

கஜபதி தம் பட்டறையிலிருந்து கொண்டுவந்த டிராலி ஜாக்கால் வண்டியைத் தூக்கினார். டார்ச்சும் நீள்கைக் கண்ணாடியும் கொண்டு அடிப்புறத்தைப் பார்த்தேன். சஸ்பென்ஷன் கைகள், சைலன்சர், போல்ட்கள் யாவற்றின்மேலும் தேன் நிறத்தில் ஒரு பிசின் படர்ந்து, மணல் ஒட்டிக் கிடந்தது. நாற்றம் அங்கிருந்துதான் வந்தது. பார்ப்பவர் எவரும் அதை அழுகிய துரு என்றே எண்ணுவர். வேஸ்ட் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து ஒரு போல்ட்டைத் துடைக்கச் சொன்னேன்.

கஜபதி துடைத்தார். இரும்பு புதிதாய் மின்னியது. அடுத்ததைத் துடைத்தார். அதுவும் மின்னியது.

"சாமி," என்றார் குரலைத் தாழ்த்தி. "துரு நமக்கு சோறு போடுற சாமி. எனக்குத் தெரியாத துருவா? இதுல துருவே இல்ல."

"இல்லை."

"அப்ப இது இன்னா?"

எனக்குத் தெரியவில்லை. வண்டியடியில் கிரீஸ், டீசல், தார், ரப்பர் பூச்சு எல்லாம் கண்டிருக்கிறேன். இந்த மணம் என் அனுபவத்தில் இல்லாதது.

"மீனெண்ணெ சாமி," என்றது ஒரு குரல்.

நிலைய வாசலில் நின்றிருந்தவர் சொன்னார். அறுபதை நெருங்கிய, வெயிலில் கறுத்த மனிதர். பெயர் ஏகாம்பரம். அந்தக் குப்பத்தின் படகுக்காரர். ஜாமீன் நிபந்தனைப்படி வாரந்தோறும் நிலையத்துக்கு வந்து கையெழுத்திட வேண்டியவர். சப்-இன்ஸ்பெக்டர் அம்மையார் வெளியே வந்து, "இவருதான் சார் ஏ-டூ. இரண்டாம் எதிரி. திருட்டுப் பொருள மறைச்சு வச்ச கேஸ்," என்று அறிமுகம் செய்தார்.

"நாங்கதான் பூசனோம் சாமி," என்றார் ஏகாம்பரம். "போட்டுக்குப் பூசுற எண்ணெ. மீனு ஈரல உருக்கி எடுக்கிறது. கரையேத்துன எதையும் பூசாம வுட்டா உப்புக் காத்து தின்னுடும்."

"பாத்தீங்களா?" என்றார் அம்மையார். "அவரே ஒத்துக்கிறாரு. அப்புறமா வித்துக்கலாம்னு பத்திரமா பூசி, மூடி வச்சிருக்காரு."

"விக்கணும்னா பூசுவாங்களா மேடம்? இந்த நாத்தத்துக்கு எவன் வாங்குவான்?"

"ஏன், நான் வாங்க வரல?" என்றார் கஜபதி. காவலர்கள் சிரித்தார்கள். அம்மையாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டதைக் கண்டேன்.

"சரி, வண்டி வந்து நின்னதும் ஸ்டேஷன்ல ஏன் சொல்லல?"

"சொல்லி வுட்டோமே மேடம்."

"யாருக்கு?"

"எல்லா குப்பத்துக்கும். இந்தாண்ட கடைசி வரைக்கும், அந்தாண்ட ஆந்திரா கரை வரைக்கும். செவப்பு வண்டி ஒண்ணு ஒதுங்கிக்கீது, சொந்தக்காரன் வந்து எடுத்துக்கலாம்னு. மீனு ஏலம் எடுக்க வர்றவங்க கையில எல்லாம் சொல்லி வுட்டோம்."

"யோவ், கார் ஓனர் சென்னையில ஃபிளாட்டுல இருக்காருய்யா. அவருக்கு எப்டிய்யா போவும் இந்த சேதி?"

"அவரு மீனு வாங்க மாட்டாரா?" என்றார் ஏகாம்பரம்.

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே கேட்டார்.

கையெழுத்திட்டுத் திரும்பும்போது என்னிடம் வந்தார். "சாமி, நீங்க எழுதறத கோர்ட்டுல கேப்பாங்களா? வர்ற அமாவாசைக்குப் பாடு எடுக்கறாங்க. கேஸு கீறவன் பேரு சீட்டுல போடமாட்டாங்க."

பாடு என்பது ஏரியில் வலை போடும் முறை. இறால் மிகுதியாய்க் கிடைக்கும் இடங்கள் சிலவே. அவற்றில் யார் எப்போது வலை இறக்கலாம் என்பதைக் குப்பத்தார் கோயில் முன் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வர். அந்தச் சீட்டில் பெயரில்லாதவர் ஏரியில் நல்ல இடம் எதிலும் வலை இறக்க முடியாது. திருட்டு வழக்கு உள்ளவர் பெயரை எழுதுவதில்லை என்பது அவர்கள் கட்டுப்பாடு. தந்தையும் பாட்டனும் வலை இறக்கிய ஏரியில், ஏகாம்பரம் அந்தப் பருவம் முழுதும் கரையில் நிற்க வேண்டியதாகிவிடும்.

நான் ஒன்றும் வாக்களிக்கவில்லை. பார்ப்பதும் எழுதுவதுமே என் வேலை.

புறப்படுமுன் வண்டியின் பானட் எனும் முன்மூடியின் ஓரத்தில் ஒரு கறையைக் கவனித்தேன். மஞ்சளும் அதன்மேல் குங்குமமும் உலர்ந்து படிந்திருந்தன.

3. வண்டி நின்ற இடம்

மீட்ட வண்டியைப் பார்த்தால் மட்டும் போதாது. அது மீட்கப்பட்ட இடத்தையும் பார்க்க வேண்டும் என்பது நான் பணிக்காலம் முழுவதும் கைக்கொண்ட முறை. அதனால் ஒரு ஞாயிறன்று கஜபதியின் பட்டறை வேனில் பொன்னேரி வழியாக ஏரிக்கரைக்குச் சென்றோம்.

ஏகாம்பரம் ஏரிக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி தேசம்மாள் எதிர்ப்பட்டார். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தவர், கஜபதியின் வெள்ளைச் சட்டையை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் அந்தக் காரு வாங்கப் போற ஆளா?"

"ஆமாம்மா."

"நல்லா வாங்கு. காரக் காப்பாத்துனவன் வாரா வாரம் கையெழுத்துப் போட்டுகினு கீறான். காரு வாங்குறவன் கூலிங்கிளாஸ் போட்டுகினு வர்றான்."

கஜபதி கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

வண்டி நின்ற இடத்தைத் தேசம்மாளே காட்டினார். மேட்டில் சவுக்குக் கட்டைகள் இன்னும் வரிசையாகக் கிடந்தன. அது மழைக்காலம், ஏரி ஏறுகிற நாள் என்றார் அவர். காலையில் பார்த்தபோது தண்ணீர் சக்கரத்தைத் தொட்டிருந்தது. விட்டிருந்தால் மாலைக்குள் உள்ளே புகுந்திருக்கும். ஊரார் எல்லாரும் கயிறு கட்டி, அடியில் கட்டை கொடுத்து, படகை இழுப்பதுபோல் இழுத்து மேட்டில் ஏற்றியிருக்கிறார்கள்.

"கியரு எதுன்னு எவனுக்கும் தெரியல. என் வூட்டுக்காரரு உள்ள குந்திகினு எல்லாத்தையும் தொட்டுப் பாத்தாரு. வைப்பரு ஆடுச்சு. பாட்டு வந்துச்சு. வண்டி மட்டும் நவுரல. அப்புறம் அப்டியே கட்டமேல தள்ளிகினு வந்தாங்க."

அந்தக் கட்டைகளுக்குச் சற்றுத் தள்ளி ஒரு படகு கவிழ்ந்து கிடந்தது. மற்ற படகுகளின் நிறத்தில் இல்லை. முகப்பில் தெலுங்கு எழுத்துகள். அதுவும் சவுக்குக் கட்டைகளின்மேல் இருந்தது. பழைய வலை போர்த்தியிருந்தது. நெருங்கினேன். அதே மணம்.

"இது யாருடைய படகு அம்மா?"

"எவனுதோ. அந்தாண்ட கரையிலருந்து கயிறு அறுத்துகினு வந்துடுச்சு. சொல்லி வுட்டுக்கீது. வருவான்."

"வந்தால்?"

"வெத்தல பாக்கு, தேங்கா, ஒரு வேட்டி வச்சிட்டு, போட்ட எடுத்துகினு போவான். நாங்க போனாலும் அங்க அப்டித்தான்." கஜபதியைப் பார்த்தவாறு சொன்னார்: "இந்த கார்காரன் மட்டும் போலீச வச்சிட்டு எடுத்துகினு போனான்."

குனிந்து படகின் அடியைத் தொட்டேன். நாள்தோறும் காலையில் இறைவனைப் பிறவிக் கடலுக்குத் தோணியென்று பாடுகிறவன் நான். ஒரு தோணியின் அடிப்புறத்தைக் கையால் தொட்டது அன்றுதான் முதல் முறை. விரலில் தேன் நிறப் பிசின் ஒட்டியது. படகின் ஓரத்தில் நீர் வடியும் துளை ஒன்று இருந்தது. நண்டும் மணலும் புகாமலிருக்க, அதில் நைலான் வலைத்துண்டைச் சுருட்டி அடைத்திருந்தார்கள்.

காவல் நிலையத்தில் நான் அந்த வண்டியின் சைலன்சர் வாயில் கண்டதும் அதே வலைத்துண்டு, அதே சுருட்டு. அன்று அதற்குப் பொருள் தெரியாமல் விட்டிருந்தேன். இப்போது படகின் துளையைப் படம் எடுத்துக்கொண்டேன்; மறுநாள் நிலையத்துக்குப் போய்ச் சைலன்சர் வாயையும் படம் எடுத்தேன்.

"வண்டியின் முன்பக்கத்தில் மஞ்சள், குங்குமம் இருக்கிறதே?" என்று கேட்டேன்.

"ஆயுத பூஜைக்கு எல்லா போட்டுக்கும் பொட்டு வச்சோம். அது மட்டும் மூளியா நிக்கலாமா சாமி?"

வெயிலில் என் முகம் வாடியதைக் கண்டு அவர் சொன்னார்: "மீனு படாத சொம்பு எங்க வூட்ல கெடையாது. இளநி வெட்டித் தர்றேன், குடி சாமி." குடித்தேன்.

அந்தக் குங்குமம் என் மனத்தை அசைத்தது உண்மை. ஆயினும் குங்குமத்தைச் சர்வே அறிக்கையில் எழுத இயலாது. எண்ணெயை எழுதலாம்.

4. அறிக்கை யாருடையது

திரும்பும் வழியில் கவரைப்பேட்டையில் தேநீருக்கு நிறுத்தினோம். கஜபதி கேட்டார்.

"சாமி, நீங்க எழுதுறது எனக்குத்தான?"

"ஆம். கேட்டவருக்கே அறிக்கை உரியது. உம்முடைய அனுமதியின்றி வேறொருவர் கையில் அதை நான் தரமாட்டேன்."

"உள்ள உப்புத்தண்ணி போவலன்னு எழுதுவீங்க."

"அப்படித்தான் இருக்கிறது. அப்படித்தான் எழுதுவேன்."

"அது என் பெட்டியில கீற வரைக்கும் வண்டி சல்லிசா வரும். அந்தாளு வக்கீல் கையில குடுத்தா ஊருக்கே தெரிஞ்சிடும். இன்சூரன்ஸ்காரன் வெலய ஏத்திடுவான்."

"ஏற்றுவார்கள்."

"குடுக்கச் சொல்றீங்களா?"

"நான் எதையும் சொல்லவில்லை தம்பி. அது என் தொழிலில் சேராது."

"இது இன்னா சாமி பேஜாரா கீது! காலையில எழுந்து சாமி கும்புடுறீங்கோ, பாட்டா பாடுறீங்கோ, ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா?"

சொல்லவில்லை. அறிக்கை எழுதுகிறவன், அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லத் தொடங்கினால், நாளடைவில் செய்ய விரும்புவதற்கு ஏற்ப அறிக்கையை எழுதத் தொடங்கிவிடுவான். அப்படிக் கெட்ட சர்வேயர்களை நான் அறிவேன். அவர்களில் சிலர் நல்ல மனிதர்கள்.

அறிக்கையை எழுதினேன். உட்புறத்தில் உப்புநீர் இல்லை. அடிப்புறத்தில் உயிரினக் கொழுப்பெண்ணெய்ப் பூச்சு, அதனால் இரும்பில் துரு இல்லை. அதே பூச்சு, அதே அடைப்பு, அதே கட்டை முறை அதே குப்பத்தில் கரையேற்றிய படகிலும் காணப்படுகிறது. படங்கள் இணைப்பு. மறுபக்கத்தையும் எழுதினேன்: பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் எண்ணெய் ஊறியிருக்கிறது, மாற்றியே ஆக வேண்டும், சஸ்பென்ஷன் இணைப்புகளின் ரப்பர் புஷ்கள் எண்ணெயில் உப்பியிருக்கின்றன, மாற்ற வேண்டும். படகுக்குப் பிரேக் இல்லை. பூசியவர்கள் அதை அறிய வழியில்லை. வண்டியின் கருவிகள், ஸ்டெப்னி, பாட்டுப் பெட்டி யாவும் அப்படியே இருப்பதையும் குறிப்பிட்டேன்.

கொடுத்துவிட்டு வந்தபின் சில நாள் கஜபதியிடமிருந்து பேச்சில்லை. அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. என் பூசையறையில் நான் வேண்டிக்கொண்டது உண்டு. தொலைபேசியில் அழைத்தது இல்லை.

பிறகு அவரே அழைத்தார்.

"சாமி, அந்த ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டு இன்னும் ரெண்டு காப்பி குடுங்கோ. ஒண்ணு அவரு வக்கீலுக்கு. ஒண்ணு அந்த எஸ்.ஐ. அம்மாவுக்கு."

"யோசித்துத்தான் சொல்கிறீரா?"

"ரெண்டு நாளா நாஷ்டா கூட எறங்கல சாமி. நான் இரும்புக்குப் பூச்சு போட்டுப் பொழைக்கிறவன். அந்தாளும் இரும்புக்குப் பூச்சுதான் போட்டான். டப்பு கூட வாங்கல. பூச்சு போட்டவன புடிச்சு உள்ள வச்சா, நான் இன்னா மூஞ்சிய வச்சிகினு பட்டறை தொறக்கிறது?"

அம்மையார் என்னை நிலையத்துக்கு அழைத்துக் கேட்டார். "சார், நீங்க சுத்த சைவம். இது மீனெண்ணெய்னு எப்டி சொல்றீங்க?"

"நான் மீன் என்று எழுதவில்லை அம்மா. உயிரினக் கொழுப்பு, பெட்ரோலிய எண்ணெய் அன்று என்றுதான் எழுதியிருக்கிறேன். துடைத்த துணியைத் தொழிற்பேட்டையில் எண்ணெய் சோதிப்பவரிடம் கொடுத்துப் பார்த்தபின் எழுதியது. மீன் என்று சொன்னவர் ஏகாம்பரம். அதைத் தவறு என்று காட்ட எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை."

படகின் படத்தையும் காரின் படத்தையும் மேசைமேல் அருகருகே வைத்தார் அவர். "நாங்க காரை மட்டும்தான் பாத்தோம். பக்கத்துல கெடந்த போட்டையும் தாண்டித்தான் நடந்து போயிருக்கோம்," என்றார். தம் தவறை மறைக்க முயலாத அதிகாரி. அவரைப் பற்றி எனக்கு மதிப்பு உண்டு.

ஏகாம்பரத்தின் வழக்குரைஞர் விடுவிப்பு மனு போட்டார். காவல்துறை அதை எதிர்க்கவில்லை. எதிரிகள் வரிசையிலிருந்து நீக்கி, சாட்சிகள் வரிசையில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். உத்தரவு கைக்கு வந்தது அமாவாசைக்கு முந்திய நாள் பிற்பகலில். சீட்டில் அவர் பெயர் எழுதப்பட்டது.

ஏலத்தில் கஜபதி அஞ்சியதே நடந்தது. தொடக்க விலை ஏறியது. சென்னையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எண்ணியிருந்ததற்கு வெகுமேலே போய்த்தான் வண்டியை எடுத்தார். "நம்ம ரிப்போர்ட்டாலயே நம்ம கைய நாமே கடிச்சிகினோம்," என்று பல நாள் புலம்பினார். புலம்பாமல் இருந்தார் என்று எழுதினால் அது பொய்யாகும்.

5. வேட்டி, வெற்றிலை, தேங்காய்

உரிமை மாற்றம் முடிந்து, பிரேக்குகளும் புஷ்களும் மாற்றி, வண்டி சாலைக்கு வந்த முதல் நாள், கஜபதி அதை என் வீட்டு வாசலில் நிறுத்தினார். தாழ்ந்த இருக்கையில் என்னை இறக்கி அமர்த்துவதற்கு அவரும் என் மனைவியும் சேர்ந்து முயல வேண்டியிருந்தது. பெரியபாளையத்து அம்மன் சன்னிதியில் வாகனப் பூசை போடலாம் என்றேன்.

"போலாம் சாமி. அதுக்கு முன்னாடி ஒரு எடம் போவணும்."

பின்னால் ஒரு தாம்பாளம் இருந்தது. வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு வேட்டி.

தார்ச்சாலை முடியும் இடத்தில் வண்டியை நிறுத்தினோம். மணலில் மறுபடியும் இறக்கக் கஜபதிக்குத் துணிவில்லை. ஒலிப்பானை அழுத்தியதும் குப்பத்தார் சிலர் எட்டிப் பார்த்தார்கள். ஏகாம்பரம் மெல்ல நடந்து வந்தார். வண்டியின் மினுக்கத்தை அவர் பார்க்கவில்லை. முழந்தாளிட்டு, கையை அடியில் நுழைத்துத் தடவி, விரலை முகர்ந்தார்.

"கழுவிட்டியா?"

"பிரேக்குல மட்டும் நைனா. மத்தது அப்டியே கீது."

"வுட்டு வை. மழைக்கு நல்லது."

கஜபதி தாம்பாளத்தை இரண்டு கைகளாலும் நீட்டினார். ஏகாம்பரம் உடனே வாங்கவில்லை. தாம்பாளத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"இன்னா நைனா, சொந்தக்காரன் வர்றதுக்கு இவ்ளோ நாளா?"

"வழி தெரியல நைனா," என்றார் கஜபதி.

ஏகாம்பரம் வேட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். தேங்காயைத் தேசம்மாளிடம் கொடுத்தார். ஒரு வெற்றிலையை எடுத்து அந்தச் சிவப்பு முகப்பின்மேல் வைத்து, "எடுத்துகினு போ," என்றார்.

தேசம்மாள் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "கூலிங்கிளாஸ் எங்க? போட்டுகினு ஓட்டு. இப்ப போடலாம்."

மேட்டைத் திரும்பிப் பார்த்தேன். தெலுங்கெழுத்துப் படகு அங்கே இல்லை. கட்டைகள் மட்டும் கிடந்தன.

இத்தொழிலுக்கு வரும் இளையோருக்கு நான் சொல்வது சிறிது. வண்டியில் ஒன்று விளங்காவிட்டால் அதைச் சேதம் என்று எழுத விரையாதீர்கள். யார் செய்தது, எதற்காகச் செய்தது என்று, வண்டி நின்ற இடத்துக்கே போய்க் கேளுங்கள். கேட்டதை அல்ல, கண்டதை எழுதுங்கள். எழுதியபின் வாயை மூடிக்கொள்ளுங்கள். எஞ்சியதை, அதைப் படிப்பவரின் மனச்சான்று பார்த்துக்கொள்ளும். பார்க்காவிட்டாலும் நீங்கள் எழுதியது மாறாது.

இதைப் படித்தோரும் படிக்கக் கேட்டோரும் நெடுவழியில் இடரின்றிச் சென்று நலமுடன் வீடு திரும்புக. அவர்கள் தொலைத்தது எக்கரையில் ஒதுங்கினாலும், அங்கே அதை மேடேற்றி எண்ணெய் பூசிக் காத்திருக்கும் கைகள் இருக்குமாறு அன்னை பவானி அருள்க.